தொழிலுக்கு சாஃப்ட்வேர் வடிவமைப்பது: யார் என்ன செய்வார்கள், எப்படிச் செய்வார்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், பண்ருட்டி, புதுச்சேரி வட்டாரத்தில் கடை, ஆலை, குடோன் நடத்துபவர்களும், கணினிப் படிப்பு முடித்து இந்த வேலைக்கு வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முதலில்.

"டாலி இருக்கு, பில் போடுறோம், கணக்கு வருது. தனியா சாஃப்ட்வேர் எதுக்குங்க?"

வாங்குவது, விற்பது, வரவு செலவு, வரி இவ்வளவுதான் தேவை என்றால் வேண்டாம். டாலி மாதிரி ஆயத்தக் கணக்கு மென்பொருளே போதும், செலவும் குறைவு. உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு பகுதி அதற்குள் அடங்கவில்லை என்றால்தான் தனியாகச் செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலையைப் பாருங்கள். உள்ளே வருவது மூட்டை மூட்டையாகக் கொட்டை. வேகவைத்து, உடைத்து, காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்தால் டபிள்யூ 180, 240, 320 என்று முழுப் பருப்பு (ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண்), இரண்டாகப் பிளந்தது, துண்டு, கூடவே ஓடு. ஒரு லாட்டில் (ஒன்றாக வந்த கொட்டைத் தொகுதி) எவ்வளவு பருப்பு தேறும் என்பது கொட்டைக்குக் கொட்டை மாறும். உடைப்பவருக்கும் உரிப்பவருக்கும் கூலி கிலோ கணக்கில். டாலியில் உற்பத்திப் பதிவு உண்டு. ஆனால் லாட் வாரியான தேறுதல், ஆள் வாரியான கிலோ, அன்றைய கூலி மூன்றையும் கோத்துக் காட்ட அதை வளைப்பது பெரும்பாடு. இந்தப் பகுதியை மட்டும் தனியாகச் செய்து, நாளின் மொத்தத்தை டாலிக்கு அனுப்புங்கள். பேரேட்டையும் புதிதாக எழுதச் சொல்வது வீண் செலவு.

"புரோகிராம் எழுதறவர் ஒருத்தர் போதாதா? அனலிஸ்ட், ஆர்க்கிடெக்ட், டெஸ்டர்னு கூட்டமா வர்றாங்களே?"

இவை பொறுப்புகளின் பெயர்கள். ஒரே ஆள் இரண்டு மூன்று பொறுப்பைச் சுமக்கலாம். தேவையைக் கேட்டு எழுதுவது அனலிஸ்ட். மொத்த அமைப்பு எங்கே ஓடும், எந்தப் பகுதி எதோடு பேசும் என்று முடிவெடுப்பது ஆர்க்கிடெக்ட். தகவலை எந்த அட்டவணையில் எப்படி வைப்பது என்பது டேட்டாபேஸ் வடிவமைப்பாளர் வேலை. எழுதுபவர் டெவலப்பர், உடைத்துப் பார்ப்பவர் டெஸ்டர், நாளையும் பணத்தையும் கவனிப்பவர் புராஜெக்ட் மேனேஜர்.

நாலைந்து மாத வேலைக்கு மூன்று பேர் தாராளம். அனலிஸ்டே டெஸ்டராகவும் இருப்பது நல்ல சேர்க்கை, ஏனென்றால் என்ன கேட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். எழுதியவரே சோதிப்பது கெட்ட சேர்க்கை. எந்த வழியை யோசித்து எழுதினாரோ அதே வழியில்தான் அழுத்திப் பார்ப்பார், எல்லாம் சரியாகத்தான் வரும்.

"பிசினஸ் அனலிஸ்ட், சிஸ்டம் அனலிஸ்ட், ஆர்க்கிடெக்ட் எல்லாம் ஒண்ணுதானே சார்?"

ஒரே விதியை மூவரும் எப்படிப் பார்ப்பார்கள் என்று கவனித்தால் வித்தியாசம் பிடிபடும். "60 நாள் தாண்டிய பாக்கி உள்ளவருக்குக் கடன் பில் கிடையாது, முதலாளி சொன்னால் மட்டும் போடலாம்." இதைக் கேட்டு எழுதுவதோடு பிசினஸ் அனலிஸ்ட் வேலை முக்கால்வாசி முடிந்தது.

60 நாள் பில் தேதியிலிருந்தா, சரக்கு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்தா? பத்தாயிரம் பாக்கிக்கு மூவாயிரம் கட்டினால் அது எந்த பில்லில் கழியும்? முதலாளி அனுமதித்தது எங்கே பதிவாகும்? இவை சிஸ்டம் அனலிஸ்ட் கேட்க வேண்டியவை. குடோன் கடலூர் முதுநகரில், கடை பாண்டியில், நடுவில் இன்டர்நெட் அறுந்துவிட்டது. அப்போது அந்த வாடிக்கையாளரின் பாக்கி எவ்வளவு என்று எந்தக் கம்ப்யூட்டரை நம்புவது? இது ஆர்க்கிடெக்ட்டின் கேள்வி. சின்ன வேலைகளில் மூன்றையும் ஒருவரே கேட்பார், அதில் தவறில்லை. மூன்றில் ஒன்று கேட்கப்படாமலே போவதுதான் பின்னால் கடிக்கும்.

"எங்க பக்கம் யார் உட்காரணும்? முதலாளி மட்டும் போதுமா?"

போதாது. முடிவெடுப்பவர் ஒருவர், அந்த வேலையைக் கையால் செய்பவர் ஒருவர் என்று குறைந்தது இருவர் வேண்டும். முதலாளி சொல்வது விதி. கணக்குப்பிள்ளையும் குடோன் பையனும் சொல்வதுதான் நடப்பு. "துண்டுச் சீட்டு இல்லாம சரக்கு வெளிய போகாது" என்பார் முதலாளி. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிற்கும்போது சரக்கு முதலில் போகும், சீட்டு திங்கட்கிழமை வரும் என்பது குடோனில்தான் தெரியும். சீட்டு இல்லாமல் ஸ்டாக்கைக் குறைக்கவே விடாத சாஃப்ட்வேர், முதல் சனிக்கிழமையே ஓரங்கட்டப்படும்.

முதல் மூன்று நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு அரைநாள் இந்த இருவரும் ஒதுக்க வேண்டும். பேச்சோடு நிற்காமல் போன மாத பில் புத்தகம், துண்டுச் சீட்டுகள், கூலி நோட்டு, பாக்கி டைரி எல்லாவற்றையும் மேசைமேல் வையுங்கள். ஓரத்தில் பேனாவால் எழுதியது, அடித்துத் திருத்தியது, பின்னால் ஊசி போட்டுக் குத்தியது இவற்றைத்தான் அனலிஸ்ட் முதலில் பார்க்க வேண்டும். அச்சடித்த படிவத்தில் இடம் கிடைக்காத விதிகள் அங்கேதான் இருக்கும்.

"தேவைன்னு என்ன எழுதிக் கொடுக்கணும்? நாலு பக்கம் போதுமா?"

பக்கம் கணக்கில்லை. ஒவ்வொரு வரியையும் பின்னால் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். "வேகமா இருக்கணும்" என்பதைச் சோதிக்க முடியாது. "கவுண்டரில் 10 வரி பில், சேமித்ததிலிருந்து 5 வினாடிக்குள் அச்சாக வேண்டும்" என்பதை முடியும்.

நேரான வழியை எல்லாரும் எழுதிவிடுவார்கள். விடுபடுவது விதிவிலக்குகள். ஒவ்வொரு வேலைக்கும் இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: சரக்கு திரும்பி வந்தால்? பாதிப் பணம் வந்தால்? பில் போட்டபின் விலை தப்பென்று தெரிந்தால்? நாள் கணக்கு முடித்த பிறகு நேற்றையதைத் திருத்த வேண்டுமென்றால்? இரண்டு பேர் ஒரே சரக்கை ஒரே நேரத்தில் விற்றால்? பட்டியல் நீண்டால் கட்டாயம் வேண்டியவை, இருந்தால் நல்லவை, இப்போதைக்கு வேண்டாதவை என்று பிரியுங்கள். "இப்போதைக்கு வேண்டாம்" பகுதியில் ஒன்றுமே இல்லையென்றால் இன்னும் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

"டிஎஃப்டி, ஈஆர், யூஎம்எல் எல்லாம் காலேஜ்ல வரைஞ்சோம். வேலையில யாராவது வரையறாங்களா?"

எல்லாவற்றையும் யாரும் வரைவதில்லை. மென்பொருளைப் படமாக வரையும் பொது முறையான யூஎம்எல்லை, மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பு தரமாக ஏற்றது 1997-இல். பத்துக்கு மேல் பட வகைகள் அதில் உண்டு. காலேஜில் படித்த எல்லாப் படங்களிலும் நடைமுறையில் கைகொடுப்பவை மூன்று நான்குதான். அமைப்புக்கு வெளியே யார் யார், உள்ளே என்ன வருகிறது, வெளியே என்ன போகிறது என்று ஒரே பக்கத்தில் காட்டும் தகவல் ஓட்டப் படம் (டிஎஃப்டி) ஒன்று. எந்தெந்தத் தகவலை வைக்கிறோம், அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்று காட்டும், 1976-இல் கணினி அறிஞர் பீட்டர் சென் முன்வைத்த ஈஆர் படம் இன்னொன்று. ஓட்டப் படத்தில் பிழை பிடிக்க ஒரு வழி: உள்ளே தகவல் வந்தும் வெளியே எதுவும் போகாத கட்டம், அல்லது எதுவும் வராமலே தகவல் தரும் கட்டம் இருந்தால் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பலர் கண்டுகொள்ளாத ஆனால் அதிகம் உதவுவது நிலைப் படம். ஒரு ஆர்டர் "வந்தது, உறுதியானது, பாதி அனுப்பியது, முழுதும் அனுப்பியது, பில்லானது, ரத்தானது" என்று எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என அம்புக்குறி போட்டுக் காட்டுவது. பாதி அனுப்பிய ஆர்டரை ரத்து செய்யலாமா என்ற கேள்வி, அந்த அம்பை வரையப் பேனாவை எடுக்கும்போதுதான் எழும். வெள்ளைப் பலகையில் வரைந்து போட்டோ எடுத்தாலே போதும்.

"டேட்டாபேஸ்ல ஆரம்பத்துலயே சொதப்புற இடம் எது?"

ஐந்து இடங்கள், அடிக்கடி பார்ப்பவை. முதலாவது, கையிருப்பை ஒரே எண்ணாக வைத்துக் கூட்டிக் கழிப்பது. நாளைக்கு 12 பெட்டி குறைந்தால் எங்கே போனதென்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு வரவையும் போக்கையும் தனி வரியாகப் பதிந்து, அதன் கூட்டல்தான் இருப்பு என்று வையுங்கள். இரண்டாவது, பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிப்பது. 0.1 என்பதை அதில் துல்லியமாக வைக்க முடியாது. ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டினால் பைசா உதைக்கும். தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டெசிமல் வகையையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, வரி விகிதத்தை நிரலுக்குள்ளோ சரக்குப் பட்டியலில் ஒற்றை எண்ணாகவோ எழுதிவிடுவது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் பெருமளவு மாறின. அன்றைக்குப் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதியவர்கள், முந்தைய வாரம் விற்ற சரக்கு திரும்பி வந்தபோது பழைய விகிதம் எதுவென்று தேடினார்கள். விகிதத்தோடு "இந்தத் தேதி முதல்" என்பதும் இருக்க வேண்டும். பில் வரியில் அன்றைய விலையும் விகிதமும் நகலாகப் பதிய வேண்டும். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்காதே என்று நார்மலைசேஷனில் படித்தவர்கள் இங்கே தயங்குவார்கள். பில்லில் இருப்பது அன்று நடந்தது, பட்டியலில் இருப்பது இன்றைய விலை. அவை இரண்டு தகவல்கள்.

நான்காவது, பெயர். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் "ச. முருகன்" எங்கே போவார்? இனிஷியல் ஒரு பெட்டி, பெயர் ஒரு பெட்டி, அடையாளத்துக்கு ஊரும் போன் எண்ணும். ஆனால் ஒவ்வொருவரையும் பிரித்துக் காட்டும் முதன்மைச் சாவியாகப் போன் எண்ணையே ஆக்காதீர்கள். எண்ணை மாற்றுவார்கள், அப்பா எண்ணையே மகனும் கொடுப்பார். ஐந்தாவது, வரியை அழிக்க விடுவது. எதையும் அழிக்காமல் ரத்து என்று குறியிடுங்கள். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும், அணைத்துவைக்க முடியாத எடிட் லாக் உள்ள கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

"கடலூர்ல ஒரு கடை, பாண்டியில ஒரு கடை. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஒரே சாஃப்ட்வேர்ல ஓட்டலாமா?"

ஓட்டலாம், ஆனால் உள்ளே அவை இரண்டு ஜிஎஸ்டி பதிவுகள். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், புதுச்சேரியுடையது 34. ஒரே முதலாளியாக இருந்தாலும் கடலூர் குடோனிலிருந்து பாண்டி கடைக்குச் சரக்கு மாற்றினால் அது வெளிமாநில வழங்கல். ஐஜிஎஸ்டி (வெளிமாநில வழங்கலுக்கான வரி) போட்ட பில் வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) வேண்டும். "குடோன் மாற்றம்" என்று ஒரே பட்டன் வைத்து ஸ்டாக்கை மட்டும் நகர்த்தும் வடிவமைப்பு இங்கே உதவாது. பதிவு எண் மாறுகிறதா என்று பார்த்து அந்தப் பட்டன் வேறு வழியில் போக வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. பாண்டியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் லாரி கடலூர், சிதம்பரம் வழியாகத் தமிழ்நாட்டுச் சாலையில் வெகுதூரம் போகிறது. ஆனால் இரண்டும் ஒரே யூனியன் பிரதேசம், ஆகவே உள்மாநிலம். இன்னொன்று: சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரியில் சிஜிஎஸ்டியோடு (மத்திய வரி) சேர்வது எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி). "யூனியன் பிரதேசம்" என்று கண்டதும் யூடிஜிஎஸ்டி (சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கான வரி) போடும் நிரல்களும் இருக்கின்றன. மாநிலப் பட்டியலில் இதற்கென்று தனிக் குறி வையுங்கள்.

கடலூர்க்காரர் பாண்டி கடைக்கு வந்து வாங்கிப்போனால் எந்த வரி என்பதை முகவரியை மட்டும் பார்த்து நிரலே முடிவுசெய்ய விடாதீர்கள். வழங்கல் இடம் (சரக்கு எங்கே வழங்கப்பட்டதாகக் கணக்கு) என்று தனிப் பெட்டி வேண்டும்; அதை நிரப்பும் விதியை உங்கள் ஆடிட்டர் எழுத்தில் தர வேண்டும். பில் எண் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் திரும்ப வராததாக இருக்க வேண்டும். கடைக் குறி, கவுண்டர் குறி, ஆண்டு, எண் என்று அடுக்கும்போது ஆரம்பத்திலேயே எழுத்தை எண்ணிப் பாருங்கள். கோடும் சாய்கோடும் சேர்த்துத்தான் 16.

"வாட்டர்ஃபாலா, அஜைலா? எது நல்லது?"

எல்லாத் தேவையையும் முதலில் எழுதி, பிறகு வடிவமைத்து, பிறகு நிரல் எழுதி, கடைசியில் சோதிப்பது வாட்டர்ஃபால். அமெரிக்க மென்பொருள் வல்லுநர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் இந்த வரிசையைப் படமாகப் போட்டார். சோதனை கடைசியில் வருவதால் இது ஆபத்து என்று அதே கட்டுரையில் எச்சரித்தும் இருந்தார். படம் பரவியது, எச்சரிக்கை பரவவில்லை. 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையிலிருந்து அஜைல் என்ற பெயர் வருகிறது: சின்னச் சின்னத் துண்டாகச் செய்து காட்டி, கருத்து கேட்டுத் திருத்திக்கொண்டே போவது. அதில் பரவலானது ஸ்க்ரம். ஸ்பிரின்ட் என்ற சுற்று ஒரு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. தினமும் 15 நிமிடக் கூட்டம். குழுவில் பொதுவாகப் பத்துப் பேர் வரை.

இந்த வட்டாரத்து வேலைகளுக்கு இரண்டையும் கலந்து செய்வதே ஒத்துவருகிறது. வரி, கூலி, பில் எண், டேட்டாபேஸ் அமைப்பு இவற்றை முதலிலேயே உட்கார்ந்து முடிவுசெய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் பழைய பதிவுகளையும் மாற்ற வேண்டிவரும். திரை, அறிக்கை, தேடல் இவற்றை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காட்டித் திருத்தலாம். ஒரே நிபந்தனை: மேலே நான்காவது கேள்வியில் சொன்ன இருவரும் அந்த இரண்டு வாரக் கூட்டத்துக்கு வர வேண்டும். அவர்கள் வராத அஜைல், தேவையே எழுதாமல் நிரல் எழுதுவதாகத்தான் முடியும்.

"மாதிரித் திரையைக் காட்டினா 'முடிஞ்சிடுச்சே, நாளைக்கே போட்டுடலாம்'ங்கறாங்க. என்ன பண்றது?"

மாதிரியைத் தாளில் பென்சிலால் வரைந்து காட்டுங்கள். கலரும் பட்டனும் மின்னினால் வேலை முடிந்ததாகத்தான் யாருக்கும் தோன்றும். தாளில் "இந்தப் பெட்டி மேலே வரட்டும்" என்று அவர்களே கோடு போடுவார்கள்.

கவுண்டரில் உட்காருபவரிடமே காட்டுங்கள். அவர் இடது கையில் ரூபாயைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எண் விசைகளைத் தட்டுபவர்; மவுஸை ஒவ்வொரு வரிக்கும் தேடவைத்தால் வரிசை வாசல் வரை போகும். பொருள் குறி, எண்ணிக்கை, என்டர், அடுத்த வரி என்று விசைப்பலகையிலேயே முடிய வேண்டும். இந்தத் தேவையை எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"லேட்டாகுது. இன்னும் ரெண்டு பேரைப் போட்டா முடிஞ்சிடும்ல?"

பெரும்பாலும் இன்னும் லேட்டாகும். 1975-லேயே மென்பொருள் வல்லுநர் பிரெட் புரூக்ஸ் இதைச் சொல்லிவிட்டார். புதிதாக வருபவருக்கு முந்திரித் தரமும் கூலி விதியும் விளக்க ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்தான் எழுந்து வர வேண்டும். நான்கு பேர் இருந்தால் பேச வேண்டிய இணைகள் 6, ஆறு பேரானால் 15. ஆளைக் கூட்டுவதற்குப் பதில், "இருந்தால் நல்லவை" என்று பிரித்துவைத்ததிலிருந்து வெட்டுங்கள்.

"பழைய எக்செல்ல பேரெல்லாம் பாமினி ஃபாண்ட்ல இருக்கு. அப்படியே ஏத்திடலாமா?"

கூடாது. பழைய எழுத்துருவான பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குறிகள். தேடல், அகர வரிசை எதுவும் வேலை செய்யாது. முதலில் எல்லாக் கம்ப்யூட்டரும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு: "கொ" போன்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, கம்ப்யூட்டருக்கு வேறு. "கொளஞ்சியப்பன்" என்று தேடினால் பாதிப் பேர் வரமாட்டார்கள். சேமிக்கும்போதே யூனிகோடின் என்எஃப்சி முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு வரி நிரல்தான்.

புதியதுக்கு மாறும் நாளை மாத முதல் தேதியாக வையுங்கள், ஏப்ரல் 1 கிடைத்தால் இன்னும் நல்லது. பாக்கியை ஆள் வாரியாக மொத்தத் தொகையாக ஏற்றாமல் பில் வாரியாக ஏற்றுங்கள்; இல்லாவிட்டால் 60 நாள் விதி முதல் இரண்டு மாதம் ஓடாது. ஒரு முழு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். இரட்டை வேலை என்று முணுமுணுப்பு வரத்தான் செய்யும்.

"டெஸ்டிங் முடிஞ்சுதுன்னு எப்பங்க ஓகே சொல்றது?"

போன மாத பில்கள் அத்தனையையும் உள்ளே போட்டு, போன மாதக் கணக்கே பைசா சுத்தமாக வந்தால் பாதி ஓகே. மீதிப் பாதிக்கு: மார்ச் 31 இரவு போட்ட பில்லுக்கு அடுத்தது புது எண் வரிசையில் தொடங்குகிறதா? கடைசி ஒரு பெட்டியை இரண்டு கவுண்டரும் ஒரே நேரத்தில் விற்கப் பார்த்தால் ஒன்று மறுக்கப்படுகிறதா? சேமிக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால், பில் முழுதாக இருக்கிறதா அல்லது இல்லவே இல்லையா? தலைப்பு மட்டும் பதிந்து வரிகள் பதியாத அரைகுறை பில் இருந்தால் ஓகே கிடையாது. கையெழுத்துப் போட வேண்டியது உங்கள் பக்கத்து ஆள்.

"புயல் வந்தா நாள் கணக்குல கரண்ட் இருக்காது. சர்வரை எங்க வைக்கறது?"

2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெங்கல் என்று இந்தக் கரைக்கு இது புதிதில்லை. தரைத்தளத்தில், அதுவும் தரைமேல் சர்வர் வைக்காதீர்கள். தகவல் மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். கடலூருக்குப் பாண்டி "வேறு ஊர்" ஆகாது, ஒரே புயல் இரண்டையும் அடிக்கும். மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

இன்டர்நெட் இல்லாதபோதும் பில் போட வேண்டுமென்றால் ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி எண் வரிசை கொடுங்கள். ஒரே வரிசையாக இருந்தால், தொடர்பு திரும்பியதும் ஒரே எண்ணில் இரண்டு பில் நிற்கும். கவுண்டர் குறிக்கு இடம் விட்டீர்களா என்று மேலே சொன்ன 16 எழுத்துக் கணக்கை மறுபடி பாருங்கள்.

"காசு நாங்க கொடுத்தோம். அப்ப புரோகிராம் எங்களுக்குத்தானே சொந்தம்?"

தானாக ஆகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வைத்த ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாளுக்கு ஒப்பந்தத்தில் கொடுத்தால், எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவருக்கு. அப்படி மாற்றித் தரும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் முழு உரிமை தேவைப்படாது. குறைந்தபட்சம் கையில் இருக்க வேண்டியவை: சோர்ஸ் கோடின் (எழுதிய மூல நிரல்) கடைசிப் பிரதி, டேட்டாபேஸின் நிர்வாகக் கடவுச்சொல், அட்டவணைகளின் ஈஆர் படம், டொமைனும் கிளவுட் கணக்கும் உங்கள் பெயரிலும் உங்கள் மெயில் முகவரியிலும். கடைசித் தவணைப் பணத்தை இவை கைக்கு வந்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை நிறுவி ஓட்டிக் காட்டிய பிறகு கொடுங்கள்.